முடிவு தேதி

மனிதனுடைய ஆயுள் இன்ன தேதியில் முடியும் என்பதை அவன் அறியாதபடி மறைத்து வைத்திருப்பதுதான் பகவான் நமக்குச் செய்திருக்கும் உபகாரங்களுள் தலையாயது என்று பெரியோர்கள் சொல்வதுண்டு. சர்க்கார்களுக்கு அந்தக் காருண்யம் கிடையாது. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் உத்தியோகம் பார்க்கிற ஒருவன் அந்தத் தேசத்தில் எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் தேதி வரையில் வாசம் செய்யலாம் என்பதை ஐ-94 என்னும் பதிவில் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்து, நடுநிசியில் விழிப்புக் கண்டால்கூட அதைக் கைபேசியில் எடுத்துப் பார்த்து மனம் கலங்குவதற்கு வேண்டிய வசதியையும் செய்து கொடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் வர்ணங்களோடு ஒட்டியிருக்கும் விசா காலாவதியானால் அவ்வளவு பாதகமில்லை. அது வாசற்கதவைத் தட்டுவதற்கு மட்டுமே உரிய அனுமதி. உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதற்கு உரிய அனுமதி இந்த ஐ-94-தான். இந்த வித்தியாசத்தைப் பந்துமித்திரர்களுக்கு விளக்குவதில் நான் செலவிட்ட பிரயாசையைத் தர்க்க சாஸ்திரத்தில் செலவிட்டிருந்தால் இதற்குள் ஒரு பட்டமாவது கிடைத்திருக்கும்.

எச்-1பி என்பது ஒரு தவணைக்கு மூன்று வருஷமாக ஆறு வருஷத்துக்குக் கிடைக்கும். அதற்கு மேலும் இருக்க வேண்டுமானால் கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்திருக்க வேண்டும். எந்தத் தேசத்தில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7-க்கு மேல் இல்லை என்று அந்த வரிசைக்கு ஒரு விதி இருப்பதால், ஜனத்தொகை மிகுந்த பாரத தேசத்தில் பிறந்தவன் தன் முறை வருமுன் பேரன் பேத்திகளைக் கண்டுவிடக்கூடும். அதுவரையில் அவனுக்குத் தவணைக்குப் பின் தவணையாக நீட்டிப்பே கதி. நீட்டிப்புக்கு முடிவு தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே மனுச் செய்யலாம். செய்யலாம் என்று சொல்வது சட்டம். செய்கிறவர் கம்பெனியின் வக்கீல். அவர் என் பட்டச் சான்றிதழ்களையும் சம்பளச் சீட்டுகளையும் கேட்டு வாங்கி, அவற்றையே இன்னொரு முறையும் கேட்டு வாங்கி, ஒரு சுபதினத்தில் மனுவை அனுப்பிவைத்தார். மனுதாரர் நானல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மனுதாரர் என் கம்பெனி. நான் அந்த மனுவில் பேசப்படும் ஒரு பொருள். ஆகையால் குடியேற்ற இலாகாவுக்கு டெலிபோன் செய்து, "என் மனு என்னவாயிற்று?" என்று கேட்கும் பாத்தியதைகூட எனக்குச் சரிவரக் கிடையாது.

கிடைத்ததெல்லாம் ஒரு ரசீதுதான். அதில் மூன்று ஆங்கில எழுத்துக்களும் பத்து இலக்கங்களும் கொண்ட எண் ஒன்று இருக்கும். என் கல்யாண தேதியைச் சொல்வதற்கு ஒரு கணம் யோசிக்கிற நான், இந்தப் பதின்மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இது என் சம்சாரத்துக்குச் சிறிதும் திருப்தியளிக்கவில்லை. எண்ணைக் கணினியில் இட்டால் "மனு கிடைத்தது" என்று பதில் வரும். காலையில் பார்த்தாலும் அதுதான், இரவில் பார்த்தாலும் அதுதான். பரம்பொருளைப் பற்றிச் சொல்லும்போது மாறாதது, விகாரமற்றது என்றெல்லாம் வேதாந்திகள் சொல்வதன் தாற்பரியம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சட்டத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மனு உரிய காலத்தில் போய்ச் சேர்ந்திருக்குமானால், முடிவு தேதி கடந்துபோன பின்னும் அதே முதலாளியிடம் 240 நாள் வரையில் வேலை செய்யலாம் என்று அது இடங்கொடுத்திருக்கிறது. நடுவில் மனு தள்ளுபடியானால் அந்தச் சலுகையும் அன்றோடு சரி. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சங்கடம் என்னவென்றால், இந்தத் தயை சட்டப் புஸ்தகத்தில் இருக்கிறதேயன்றி என் கையிலிருக்கும் எந்தக் காகிதத்திலும் நாலு பேர் பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளும்படியாக இல்லை. நான் நியாயமாக இருக்கிறேன். ஆனால் நியாயமாக இருக்கிறேன் என்பதை, கேட்கிற ஒவ்வொருவரிடமும் ஆதியோடந்தமாகப் பிரசங்கம் செய்து ஸ்தாபித்தாக வேண்டியிருக்கிறது.

முதல் பிரசங்கம் டிரைவிங் லைசென்ஸ் விஷயத்தில் நேர்ந்தது. 2005-ஆம் வருஷத்து ரியல் ஐடி சட்டத்தின் பலனாக, என் போன்ற தாற்காலிக வாசிகளின் லைசென்ஸ் எங்கள் தங்கும் அனுமதியோடு உடன்கட்டை ஏறிவிடும். நான் இருப்பதோ பால் வாங்குவதற்கும் கார் எடுத்தாக வேண்டிய ஊர். கவுண்டரிலிருந்த அம்மையார் நல்லவர், என் ரசீதை வாங்கி இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் முடிவு தேதி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அதில் முடிவு தேதி இல்லாமலிருப்பதுதான் என் பிரச்சினையே என்று நான் விநயத்தோடு சொன்னேன். அவர் மேலதிகாரியை அழைத்தார். மேலதிகாரி கம்ப்யூட்டரை அழைத்தார். கம்ப்யூட்டர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிற்று. அது யோசித்து முடிக்கும் வரையில் நான் அண்டை வீட்டு நண்பரின் காரில் காய்கறிப் பைகளோடு பின் ஸீட்டில் பிரயாணம் செய்தேன்.

இதையெல்லாம்விடக் கடினமான பரீட்சை ஞாயிற்றுக்கிழமைதோறும் மாயவரத்திலிருந்து வந்தது. என் சித்தப்பா தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்திலுள்ள ஆபீஸ்கள் யாவும் மாயவரம் தாலுகா ஆபீஸின் கிளைகளே என்பது அவருடைய சித்தாந்தம்.

"என்னப்பா, விசா வந்துதா?"

"இன்னும் இல்லை சித்தப்பா."

"நேரே போய் செக்‌ஷன் கிளார்க்கைப் பார்த்தாயா?"

"பார்க்க முடியாது சித்தப்பா. எந்தக் கிளார்க் என்றே தெரியாது."

"தெரியாமல் என்ன? டபேதாரைக் கேட்டால் சொல்கிறான்."

டபேதார் கிடையாது என்று நான் சொன்னபோது மறுமுனையில் சற்றுநேரம் மௌனம் நிலவியது. டபேதார் இல்லாத ஒரு ராஜாங்கத்தில் தம் அண்ணன் பிள்ளை போய் மாட்டிக்கொண்டானே என்று அவர் பரிதபித்திருக்க வேண்டும். பிறகு, "சரி, முடிவு தேதிதான் தாண்டிவிட்டதே, பின்னே எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். நான் 240 நாள் விதியை விளக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் விளக்கினேன். அவர் மறக்கிறவரல்லர், நான் சொல்வது முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கிறதா என்று பரிசோதிக்கிறவர்.

பணம் கொடுத்தால் சீக்கிரம் ஆகாதா என்று அவர் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. ஆகும், ரசீதோடு, பகிரங்கமாக, சட்டபூர்வமாகவே ஆகும். 2024-இல் 2,805 டாலர் கட்டினவர்களுக்கு 15 வேலை நாட்களுக்குள் பதிலளிக்கும் துரித ஏற்பாடு இருந்தது. "அடேயப்பா, ரசீதே கொடுக்கிறார்களா!" என்று சித்தப்பா வியந்த வியப்பில் அவர் சர்வீஸ் முழுவதும் அடங்கியிருந்தது. என் கம்பெனியோ, நான்தான் சட்டப்படி வேலை செய்துகொண்டிருக்கிறேனே, அவசரம் என்ன வந்தது என்று கேட்டுவிட்டது. சட்டம் காட்டிய கருணையே எனக்கு எதிர்ச்சாட்சியாகப் போயிற்று.

அப்போதுதான் ஹைதராபாத்திலிருக்கும் என் அத்தை விஷயத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அந்நகருக்கருகே உஸ்மான் சாகர் ஏரிப் பக்கம் சில்குரில் எழுந்தருளியிருக்கும் பாலாஜியை விசா பாலாஜி என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். வேண்டிக்கொள்ள 11 பிரதக்ஷிணம், நிறைவேறினால் 108 என்பது அங்கே வழக்கம். அக்கோயிலில் உண்டியல் கிடையாது. துரித ஏற்பாட்டுக்குத் தட்சிணை வாங்காத சந்நிதி ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்குப் பரம சந்தோஷம் உண்டாயிற்று. மூட்டுவலியோடு அத்தை சுற்றினார் என்று கேட்டபோது அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் வெட்கமும் கலந்தது.

அனுமதி ஒருவழியாக வந்தது. காகிதத்தின் அடியில் புதிய ஐ-94 அச்சாகியிருந்தது. அதைக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு காலம் தவங்கிடந்து பெற்ற ஒன்றைக் கிழி என்றால் யாருக்குத்தான் கை நடுங்காது? புதிய தவணை பழைய தேதிக்கு மறுநாளிலிருந்தே ஆரம்பமாவதாகப் போட்டிருந்தபடியால், நான் காத்திருந்த மாதங்களும் அந்தக் கணக்கிலேயே செலவாகிவிட்டிருந்தன. சித்தப்பாவுக்குத் தகவல் சொன்னேன். "அடுத்தது எப்போது முடிகிறது?" என்று கேட்டார்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ அயல்தேசத்தில் இருக்கக்கூடும். டெலிபோனில் பேசும்போது மழை பெய்ததா, சாப்பிட்டாயா, குழந்தைக்கு ஜலதோஷம் தேவலையா என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள். விசா வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். வந்தால் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிச் சொல்லிவிடுவார்கள்.