ட்ராக் அண்ணன்

ட்ராக் அண்ணனிடம் சௌக்கியமா என்று கேட்டால் 312 என்பார். அவர் காரில் ஊற்றியிருக்கும் பிரேக் ஆயில் கொதிக்கிற டிகிரி அது. கடையில் கிடைக்கும் சாதா டாட் 4-க்கு 230 இருந்தாலே சான்று கொடுத்துவிடுவார்கள். அந்த 230-ஐச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பரிதாபம் படரும். உங்கள் குடும்பத்தை நினைத்துத்தான்.

வாரத்தில் ஐந்து நாள் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போய்வருவார், பெரும்பாலும் இரண்டாம் கியருக்கு மேல் வேலையில்லாமல். வருஷத்தில் ஓரிரு ஞாயிறு மட்டும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் காசு கட்டி ஓட்டுவார். சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர். அந்த ஓரிரு ஞாயிறு பற்றி மீதி ஐம்பது வாரமும் பேசுவார்.

பேச்சில் சரக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நேர்ப்பாதையில் பறந்து வந்து வளைவுக்கு முன்னால் ஓங்கி மிதிக்கும்போது பேடும் டிஸ்க்கும் பழுக்கிற சூடு, காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கும் ஏறும். ஆயில் கொதித்தால் குமிழி. திரவத்தை அமுக்கினால் அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். குமிழியை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும். பெடல் தரைக்குப் போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். இதை அவர் விளக்கும்போது கேட்பவர் கால் தானாக எதையோ மிதிக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் மெல்லத்தான் சொல்வார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ரப்பர் குழாய் வழியாகக்கூட. நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்தபின் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பாட்டிலில் இன்னொரு எண் இருக்கும்; டாட் 4-க்கு அது குறைந்தது 155. அண்ணனின் ரேஸ் சரக்கே அந்த நிலையில் 200 பக்கத்துக்கு இறங்கிவிடும். அதாவது 312 என்பது சீல் உடைத்த அன்றைக்குத்தான். கடற்கரை ஊரில் அன்றாடம் ஓடுகிற வண்டிக்கு இரண்டாவது எண்தான் சோறு போடும் என்பது என் கட்சி. அண்ணன் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

ஈரத்தோடு அவருக்குத் தனிப்பட்ட பகை. ஷூ டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடுக்ககம் முழுக்கக் கேட்டு வாங்கி, பாதி தீர்ந்த பாட்டிலோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். நகை லாக்கரில் இருக்கிறது.

ஒருமுறை கீழ்வீட்டுப் பையன், "டாட் 4-ஐ விட 5 பெரிசுதானே அங்கிள், அதையே ஊத்திக்கலாமே?" என்று கேட்டுவிட்டான். அன்று அவன் டியூஷனுக்குப் போகவில்லை. 4-ம் 5.1-ம் பங்காளிகள், இரண்டும் கிளைக்கால் வம்சம், ஒன்றோடொன்று கலக்கலாம். நடுவில் நிற்கும் 5 யாரோ எவரோ, சிலிக்கோன். தண்ணீரோடும் சேராது, இவர்களோடும் சேராது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது. பையன் இப்போது லிஃப்டில் அவரைக் கண்டால் படியேறுகிறான்.

ட்ராக் நாளுக்கு முந்தின வாரம் ஆயில் மாற்றும் வைபவம். மெக்கானிக்கிடம் விட மாட்டார். ஏனென்றால் அந்த மனிதர், "சார், நல்ல டாட் 4 ஊத்தி வருஷத்துக்கு ஒருக்கா மாத்துனா போதும் சார். ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொருக்கா மாத்திக்குங்க" என்று முழு சாஸ்திரத்தையும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். அதனால் வீட்டிலேயே. அண்ணன் சக்கரத்தடியில் குழாயும் ஸ்பானருமாக. அண்ணி நைட்டியில் டிரைவர் சீட்டில்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்."

"விடாதே!"

"விடலைங்க. அடுப்புல குக்கர் இருக்கு."

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, இடது பின்பக்கம், வலது பின்பக்கம் என்று வரிசை தவறாமல் நாலும் முடிய, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்து பெயின்ட்டைத் தின்றுவிட்ட வழுக்கைத் திட்டு ஒன்று உண்டு. புதிதாக வருபவர்களிடம் அதை ட்ராக்கில் பட்ட காயம் என்பார்.

"என் வண்டிக்கு எப்பங்க மாத்துவீங்க?" என்று அண்ணி கேட்டதுண்டு. அவர் ஓட்டும் சின்ன வண்டியின் ஆயில், வாங்கிய நாளிலிருந்து யாரும் மூடியைத் திறக்காமல், டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

"உன் வண்டி எந்த ட்ராக்குக்குப் போகுது?"

பூஜை விடுமுறையில் அது கொல்லிமலைக்குப் போனது. ரேஸ் வண்டியில் மாமனார், மாமியாருக்கு இடம் போதாது. இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவு, ஓட்டியவர் அண்ணன். நாலாம் கியரில், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், வளைவின் உள்முனையைத் தொட்டு வெளியேறும் நுணுக்கத்தை மாமனாருக்கு விளக்கியபடியே வந்தார். பாதி மலையில் கருகல் வாடை. அப்புறம் பெடல் மெத்தென்று கீழே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ ஓரங்கட்டினார்.

பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ரெண்டாம் கியர்ல எறக்குங்க சார். ஆறட்டும், தானா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறுவதற்காக எல்லாரும் ரோட்டோரம் நின்றார்கள். அண்ணி பிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"இது எத்தனை டிகிரிங்க?"