சவுண்டு சார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் ஒரு காரின் நான்கு கதவுகளும் திறந்து கிடக்க, முன்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். ஆம்புலன்ஸுக்கும் சொல்ல வேண்டாம். அவர்தான் சவுண்டு சார். சென்னையில் இரண்டு லிஃப்ட் வைத்த எந்தக் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வீட்டில் மிக்ஸி மக்கர் செய்தால் உடனே ஆள் கூப்பிடுவார். கார் செட் என்றால் வந்து நிற்கிற ஆளையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

மற்றவர்கள் பழைய கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது, ஆக்சிடென்ட் ஆனதா என்று விசாரிப்பார்கள். சார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கம்பெனி ஆம்ப் எந்த சீட்டுக்கு அடியில இருக்கு?" எட்டு ஸ்பீக்கர், தனி ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வந்த வண்டி அது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். வாங்கிய முதல் வாரமே அந்த ஆம்பைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

"கழற்றத்தான் வாங்கினீர்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கம்பெனிக்காரன் நம்ம காதை நம்பமாட்டான் சார். வால்யூமை ஏத்த ஏத்த பேஸைக் குறைச்சுக்கிட்டே வருவான். ஏன் தெரியுமா? அவன் போட்டிருக்கிற ஸ்பீக்கர் கிழிஞ்சுடக் கூடாதாம்!"

அதாவது, கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டு யார் இலைக்கு எத்தனை வடை என்று தீர்மானிக்கிற பெரியப்பாவின் வேலையை அந்த டப்பா பார்க்கிறது. புது செட்டை மாட்டினாலும் அதன் சத்தம் பெரியப்பாவைத் தாண்டித்தான் கதவுக்கு வர வேண்டும். ஆகவே பைபாஸ். செட்டிலிருந்து வருகிற வயரை ஆம்புக்குள் நுழைய விடாமல், ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயரோடு நேராகச் சேர்த்துவிடுவது. சொல்ல ஒரு வாக்கியம்தான்.

இந்த வேலைக்கென்றே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்கக் கடைகள் இருக்கின்றன. சார் அங்கேயும் போனார். கடைப் பையன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "கப்ளர் டு கப்ளர்ண்ணே. ஒரு வயரைக்கூட வெட்டமாட்டோம். டீ சாப்பிட்டு வாங்க, முடிஞ்சிருக்கும்" என்றான். பாவம், அவனுக்கு ஆள் தெரியவில்லை. சார் செட்டின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து, அதில் 50 வாட் இன்டு 4 என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது எப்படி வரும் தம்பி? வண்டி ஓடும்போது பேட்டரில 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல பெருக்கி 8-ஆல வகு. 26 வாட்கூட முழுசா வரல. அதுலயும் சேதாரம் போக, சுத்தமா இருபது சொச்சம் கிடைச்சா பெரிசு. பாட்டு மொத்தமும் கரகரன்னு கிழிஞ்சு வந்தாத்தான் இந்த 50 வரும். கிழியறதுக்கு நான் ஏன் காசு தரணும்?"

பையன் நிதானமாகக் கேட்டான்: "அண்ணே, உங்களுக்குப் பாட்டு வேணுமா, கணக்கு வேணுமா?"

நியாயமாகப் பார்த்தால் கணக்கு சார் பக்கம்தான். அட்டைப்பெட்டி வாட்டை நம்பிக் காசைக் கொட்டுகிறவர்கள் ஊரில் ஏராளம். ஆனால் கணக்கு சரியாக இருக்கிற மனிதர் வயரும் சரியாகக் கோப்பார் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. செட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். போகிற வழியில் ரிச்சி தெருவில் இறங்கி, சால்டரிங் கம்பி, ஸ்லீவ், ஒரு புது மல்டிமீட்டர் (வீட்டில் ஏற்கெனவே இருப்பது எத்தனை என்று அம்மாவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, மட்டும்தான் தெரியும்) எல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காட்சியைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். மிதியடி மீது கழற்றிப் போட்ட டேஷ்போர்டு பிளாஸ்டிக். அதன் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதற்குள் ஸ்க்ரூக்களோடு உடைந்த கிளிப்புகளும். புது செட்டின் வயர்களில் ஒரு குழப்பமும் கிடையாது. எந்த பிராண்டை வாங்கினாலும் பெரும்பாலும் அதே நிறங்கள்தான்: முன்பக்கம் இடது வெள்ளை, வலது சாம்பல், பின்பக்கம் இடது பச்சை, வலது ஊதா, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். காரின் பக்கம் வந்தால்தான் வினை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த நிறத்தைப் போட்டுவைத்திருக்கும். இவர் வண்டியில் பழுப்பில் மட்டும் நான்கு வகை. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப்பைக் கொடிபோல ஒட்டி, 'மு.இ.+', 'பி.வ.–' என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார். சில கொடிகளில் வெறும் கேள்விக்குறி.

கேள்விக்குறிகளைத் தீர்க்க வாட்ச்மேன் பெரியவர் வரவழைக்கப்பட்டார். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனையையும் ஒரு ஜோடி வயரில் சட்டென்று தொட்டு எடுத்தால், அந்த வயர் எந்த ஸ்பீக்கருக்குப் போகிறதோ அது 'டொப்' என்னும். ப்ளஸ்ஸும் மைனஸும் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் காகிதம் வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். பெரியவர் கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வெளிய தள்ளுதா, உள்ள இழுக்குதா?"

"துடிக்குது சார்."

"எந்தப் பக்கமாத் துடிக்குது?"

"பயந்துகினு துடிக்குது சார்."

இந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் வலது கதவின் இணைப்பு தீர்மானமானது. அதனால் இடது ஸ்பீக்கர் முன்னே தள்ள, வலது பின்னே இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் மாயமாய் மறைந்தது. எதற்காக ஆம்பைக் கழற்றினாரோ அதுவே போயிற்று. சார் அசரவில்லை. "இது ஃபேஸ் பிரச்சினை சார்" என்றார், மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த முகத்தோடு.

பிரச்சினைகள் வரிசையில் வந்தன. எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம் போக வேண்டும் என்று பிரித்துக்கொடுத்ததும் அந்தக் கம்பெனி ஆம்ப்தான். அது போனதால், டேஷ்போர்டின் ஓரத்தில் இருந்த குட்டி ட்வீட்டர் மிருதங்கத்தையும் சேர்த்து வாசிக்கப் பார்த்து உயிரை விட்டது. நடுவில் ஒரு கெபாசிட்டர் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். கம்பெனி ஸ்பீக்கர்கள் 2 ஓம் ஆனதாலும் புது செட் 4 ஓமுக்குச் செய்யப்பட்டதாலும், வால்யூம் கொஞ்சம் ஏறினால் செட் சூடேறித் தானாகவே வாயை மூடிக்கொண்டது. மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் இடம் மாறியதில், சாவியைத் திருப்பும்போதெல்லாம் கடிகாரம் 12 மணிக்குத் திரும்பியது. எதற்கு வம்பு என்று இரண்டையும் நேராகப் பேட்டரி லைனிலேயே முறுக்கிவிட்டார். ராத்திரி முழுக்க செட் கண் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. மறுநாள் காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாங்கள் டையோடு வண்டி தள்ளினோம். எர்த் எடுத்த இடம் சரியில்லாமல், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஞொய்ங்ங்' என்று ஒரு ராகம் சுருதி ஏறிக்கொண்டே போனது தனிக்கதை.

யாராவது குறை சொன்னால், கார் ரேடியோவின் ஆதி வரலாற்றை எடுத்துவிடுவார். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர், பின்னாளில் மோட்டோரோலா என்று பேர் வாங்கிய கம்பெனியை நடத்தியவர், கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கிக்காரரின் பேக்கார்டு காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது என்று ஒரு கதை உண்டு. "என் வண்டில புகைதானே சார் வந்துது?" என்பார் சார்.

ஒருவழியாக எல்லாம் கூடிவந்த நாளில் அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனை தாண்டியது.

"ஏங்க, பெல்ட் போடலைன்னா டிங் டிங்னு கத்துமே, அது எங்க?"

சில வண்டிகளில் எச்சரிக்கை மணியும் அந்த ஆம்ப் வழியாகத்தான் ஸ்பீக்கருக்கு வரும். சார் இதை விளக்க வாயெடுப்பதற்குள் அம்மா முடித்துவிட்டார்: "இந்த வண்டில உருப்படியா இருந்த சத்தம் அது ஒண்ணுதான்."

பிறகு தொடங்கியது விருந்தினர் காலம். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் பார்க்கிங்குக்குத்தான் அழைப்பு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் வந்தது 1986-இல். அதை இன்றுவரை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஒரு துண்டு ஓடும், நிறுத்துவார். "வயலின் எங்கேர்ந்து வருது சொல்லுங்க. பானெட் மேலேர்ந்தா, ஸ்டீரிங்குக்குப் பின்னாலேர்ந்தா?" வண்டிக்குள்ளிருந்துதான் வருகிறது என்று நான் சொன்னதிலிருந்து என்னைக் கூப்பிடுவதில்லை.

அதற்குள் செட்டில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. குறையில்லாத வண்டியை வைத்துக்கொண்டு சார் என்ன செய்வார்? விற்பனைக்குப் போட்டார். விளம்பரத்தின் முதல் வரியே, 'கம்பெனி ஆம்ப் ஒரிஜினல் நிலையில், பரணில் பத்திரமாக உள்ளது' என்பதுதான்.

பார்க்க வந்த மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. நேராக முன்சீட்டுக்கு அடியில் குனிந்தார்.

"நீலத்துல வெள்ளைக் கோடு போட்ட ரிமோட் வயரை எங்க சார் விட்டீங்க?"

"டேப் சுத்தி உள்ளயே இருக்கு. ஏன்?"

"ஆம்பைத் திரும்ப மாட்டிடலாம்னு பாக்கிறேன். கம்பெனி ஆம்ப் இருந்தாத்தான் சவுண்டுல ஒரு கட்டு இருக்கும்."

சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஸ்டீரிங் மேல் போட்டுவிட்டு, "வாங்க, கழட்டிப் பாத்துடலாம்" என்றார். விலை பற்றி இதுவரை பேச்சே வரவில்லை. வாட்ச்மேன் பெரியவரை மட்டும் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.