பத்தாவது இடத்தின் நிம்மதி

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. ஆட்டம் தொடங்கும்போதே முடிவு தெரியும். நெஞ்சு படபடக்காது, சாப்பாடு இறங்கும், படுத்தால் தூக்கம் வரும். மறுநாள் காலையில் திட்டுவதற்கு ஆளும் ரெடி, விஷயமும் ரெடி. 2018-19 கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்.சி. இந்தச் சுகத்தை எங்களுக்கு வஞ்சகமில்லாமல் வழங்கியது. 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி. 10 அணிகளில் 10ஆவது இடம். அதற்கு முந்தைய சீசனில்தான் பெங்களூருக்கே போய், பெங்களூரு அணியை 3-2 என்று கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கி வந்திருந்தார்கள். கோப்பையிலிருந்து கடைசி இடத்துக்கு ஒரே வருஷத்தில் இறங்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னை அணியை ‘நம்ம டீம்’ என்று சொல்வது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் போனால்தான் சென்னை. கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். கொச்சி அதைவிடப் பக்கம். எல்லாவற்றையும்விடப் பக்கம் தலைமன்னார். தனுஷ்கோடியிலிருந்து கடல்வழியே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே போய்விட்டால், திரும்பி வருவதற்கு இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஆகவே சென்னைதான் சொந்த டீம்.

எங்கள் பக்கத்துக் கால்பந்து வேறு மாதிரி. மணல் திடல், சுற்றிலும் உடைமுள், கருவேல். மற்ற ஊர்களில் பந்து கோட்டைத் தாண்டினால் அவுட். இங்கே பஞ்சர். பந்தை எடுக்கப் போகிறவன் முள்ளை மிதிப்பானா, பந்து முள்ளில் விழுமா என்பதுதான் முதல் பாதியின் முக்கியமான போட்டி. இருந்தும் கடலோரத்துப் பையன்கள் கிரிக்கெட் மட்டையை ஒரு மூலையில் சாய்த்துவிட்டு இதைத்தான் உதைக்கிறார்கள்.

பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு டீக்கடை இருந்தது. பாம்பன் போகிற சாலையில், ஒரு பழைய டிவியோடு. தோற்கிற காலத்தில் அங்கே எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. ரிட்டயரான கணக்கு வாத்தியார், மிச்ச ஆட்டங்களை எல்லாம் ஜெயித்தால் எத்தனை புள்ளி வரும் என்று தினத்தந்தி ஓரத்தில் கூட்டுவார். விசைப்படகு டிரைவர் அண்ணன், கோல்கீப்பரை மட்டும் திட்டுவார். கடைக்காரர் அணியின் முதலாளிகளைத் திட்டுவார். அபிஷேக் பச்சனையும் தோனியையும் ஒரே மூச்சில் திட்டக்கூடிய உரிமை ஒரு டீ போடுகிறவருக்கு வேறு எங்கே கிடைக்கும்? துபாயிலிருந்து திரும்பி வந்த கீழக்கரைக்காரர் ஒருவர், ஊர்ப் பாஷையில் ‘காக்கா’, கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. அவர் யாரையும் திட்ட மாட்டார். சிரிப்பார். அதுதான் எங்களால் தாங்க முடியாதது.

2019-20 சீசனும் பழைய வழியிலேயே சாவகாசமாகத் தொடங்கியது. முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. காக்காவுக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. “உங்க டீம் ஜெயிக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கால் கிலோ தொதல் என் செலவு” என்று சொல்லிவிட்டார். கீழக்கரை தொதல் தெரியுமல்லவா? அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பால், கை ஓயக் கிண்டுகிற பொறுமை. விலை குறைந்த பண்டமல்ல. காக்கா அன்றைக்கு அதைத் தாராள மனசில் சொல்லவில்லை. புள்ளிப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நவம்பர் 25, திங்கட்கிழமை, ஹைதராபாத்துடன் ஆட்டம். ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. டிரைவர் அண்ணன் காலையிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 90 நிமிடம் ஆகியும் 0-0. கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். ரிமோட்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஷெம்ப்ரி ஒரு கோல் போட்டார். கடைக்காரர் ரிமோட்டை மேஜையில் வைத்தார். ஷட்டருக்கு வெளியே நின்றவர்கள் குனிந்து உள்ளே வந்தார்கள். முழுதாக ஒருமுறை கத்தி முடிப்பதற்குள் ஹைதராபாத்தின் கில்காலன் திருப்பிப் போட்டார். வாத்தியார், “அதானே!” என்று மனநிறைவோடு துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் வால்ஸ்கிஸ் இன்னொன்று போட்டார். 2-1. குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்த வாத்தியார் சத்தம் கேட்டு நிமிர்ந்ததில், ஷட்டரில் தலை இடித்தது. சீசனின் முதல் வெற்றிக்கு எங்கள் தரப்பில் சிந்திய ரத்தம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் கரைக்கு வந்த டிரைவர் அண்ணன் நம்பவில்லை. “நான் இல்லாதப்பத்தான் ஜெயிப்பாய்ங்களா?” என்று வருத்தமாகக் கேட்டார். அந்த வார்த்தையைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். பிற்பாடு நடந்த அத்தனை கொடுமைக்கும் அதுதான் விதை.

அந்த வாரமே பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் அணிகளை நடத்தியவர். எங்கள் கடையில் அவரைக் ‘கோயில்’ என்றார்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் வேறு எப்படிச் சொல்வார்கள்? அணி நிமிர்ந்தது. லீக்கின் கடைசி 8 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கிரிவெல்லாரோ பந்தை எடுத்துக் கொடுக்க, சாங்டே ஓட, வால்ஸ்கிஸ் அடித்தார். லித்துவேனியாக்காரரான அவர் பெயர் வாயில் நுழையாததால் ‘வாலு’ ஆனார். 15 கோல் போட்ட வாலு.

இனிமேல் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவர்கள்தானே நாங்கள்? அதுதான் இல்லை. நிம்மதி போயிற்று. முதலில், கடையில் இடம் போயிற்று. அதுவரை கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று தெரியாதவர்களெல்லாம் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்து, “நான் அப்பவே சொன்னேன்” என்றார்கள். எப்போது, யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் கடைக்காரர் பால்காரரைத் திட்டத் தொடங்கினார். வாத்தியாரின் கூட்டல் இப்போது நிஜமாகவே பலிக்கக்கூடிய கூட்டலாக ஆகிவிட்டதால், தப்பு வந்துவிடுமோ என்று பயந்து அவர் பேனாவையே எடுப்பதில்லை. எனக்கே ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வயிற்றைக் கலக்கும். பத்தாவது இடத்தில் இருந்தபோது அந்த வயிறு கல்லையும் செரித்தது.

இதற்கு நடுவில்தான் டிரைவர் அண்ணன் மீது சாஸ்திரம் கட்டினார்கள். அவர் கடலில் இருந்தால் நாம் ஜெயிப்போம். ஆதாரம்? 2018 இறுதிப்போட்டி மார்ச் 17, சனிக்கிழமை, அண்ணன் கடலில், கோப்பை. ஹைதராபாத் திங்கட்கிழமை, அண்ணன் கடலில், வெற்றி. பிப்ரவரி 1, சனிக்கிழமை, கொச்சியில் பிளாஸ்டர்ஸை அவர்கள் மைதானத்திலேயே 6-3 என்று அடித்தபோதும் அண்ணன் கடலில்தான். அன்றைக்குக் காக்கா கொண்டுவந்த தொதலில் இனிப்பு குறைவாக இருந்ததாக எனக்குப் பட்டது. வாத்தியார் மட்டும், “ஜனவரியில ரெண்டு வியாழக்கிழமை ஜெயிச்சிருக்கோமே, அப்ப இவன் கரையிலதானே இருந்தான்?” என்று கேட்டார். “அப்ப கடலுக்குப் போயிட்டு வந்த அசதியில தூங்கிட்டிருந்தார் சார், ஆட்டம் பாக்கலை” என்று பதில் வந்தது. “2015 இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை” என்றார் வாத்தியார் விடாமல். “அப்ப அவரு டிரைவரே ஆகலை சார்.” கணக்கு தெரிந்த ஒருவரால் ஒரு நம்பிக்கையை எதுவுமே செய்ய முடியாது என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

லீக்கில் நான்காம் இடம். அரையிறுதிக்கு வந்தாயிற்று. “தமிழ்நாட்டுக் கால்பந்துக்கே இப்பத்தான் விடிஞ்சிருக்கு” என்று முன் பெஞ்சுப் புதுமுகம் ஒருவர் பிரகடனம் செய்தார். கடைக்காரரின் மகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிற பிள்ளை. வடைத் தட்டைக் கழுவிக்கொண்டே, “போன வருஷமே விடிஞ்சிருச்சு மாமா” என்றாள். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன். அதே வருஷம் மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள், லூதியானாவில் மணிப்பூர் போலீஸை அதே 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன். நாங்கள் பத்தாவது இடத்துக்காக ஒப்பாரி வைத்த அதே வருஷத்தில், தமிழ்நாட்டு அணிகள் இரண்டு தேசியப் பட்டங்களை வாங்கி வந்திருக்கின்றன. கடையில் பேச்சு மூச்சு இல்லை. “மே மாசமா? அப்ப நாங்க கடல்ல இருந்திருப்போம்” என்றார் ஒருவர். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் ஒரு விசைப்படகும் நகராது. அத்தனை பேரும் வேலையில்லாமல் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை அதையும் சொன்னாள். மறுநாளிலிருந்து சேது எஃப்.சி.யும் நம்ம டீம் ஆகிவிட்டது. பெயரிலேயே சேது இருக்கிறதே, சேதுபதிச் சீமைக்காரன் விடுவானா!

பிப்ரவரி 29, சனிக்கிழமை. சென்னையில் எஃப்.சி. கோவாவுக்கு எதிராக 4-1. அண்ணன் கடலில். மார்ச் 7, சனிக்கிழமை. கோவாவில் 4-2 என்று தோல்வி. ஆனால் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து 6-5 என்று தேறிவிட்டோம். அண்ணன் கடலில்தான், ஆனால் சீக்கிரம் வலையை வாங்கிவிட்டாராம். அதனால்தான் பாதிப் பலன் என்று தீர்ப்பாயிற்று.

இறுதிப்போட்டி மார்ச் 14. அதுவும் சனிக்கிழமை. ஏ.டி.கே.யுடன், கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில். கொரோனா காரணமாகப் பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை. வெளியே சொல்லக்கூடாது, எங்களுக்கு அதில் கொஞ்சம் திருப்தி. அரங்கில் முரசு அடித்துப் பாடுகிற சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும்கூட அன்றைக்கு எங்களைப் போலவே டிவிக்கு முன்னால்தான். சென்னைக்காரனும் தங்கச்சிமடத்துக்காரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஒரே இறுதிப்போட்டி அது.

ஆனால் டிரைவர் அண்ணன் டோக்கன் வாங்கவில்லை. “ஒரு பைனலாவது நான் பாக்க வேணாமாடா?” என்றார். கடைக்காரர் கெஞ்சினார். படகு முதலாளிக்கு போன் போட்டுப் பேசக்கூடத் துணிந்தார்கள். அண்ணன் குளித்து, நீல பனியன் போட்டு, முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பத்தாவது நிமிடத்தில் ஏ.டி.கே.யின் ஹாவி ஹெர்னாண்டஸ் அடித்தார். எல்லாத் தலையும் டிவியை விட்டுத் திரும்பி அண்ணனைப் பார்த்தன. இரண்டாம் பாதி தொடங்கியதும் எடு கார்சியா இன்னொன்று. அண்ணன் தானாகவே எழுந்து வெளியே போய் நின்றார். வாலு ஒன்று திருப்பிப் போட்டார். “அண்ணே, அங்கேயே நில்லுங்க!” என்று மொத்தக் கடையும் கத்தியது. நின்றார். கொசுக்கடியில் கடைசி விசில் வரை நின்றார். அதற்கு முன்னால் ஹாவி மூன்றாவதையும் போட்டுவிட்டார். 3-1.

அந்தத் தோல்விக்குக் காரணம் ஏ.டி.கே. நன்றாக ஆடியதுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. இதில் காக்காவுக்குத் தனிப் பந்தயம் வேறு: சென்னை தோற்றால் அண்ணன் அவருக்கு 2 கிலோ நண்டு தர வேண்டும். கடலுக்குப் போகாதவரிடம் நண்டு ஏது? விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய், பேரம் பேசக்கூடத் தெரியாமல், காசு கொடுத்து நண்டு வாங்கினார் அண்ணன். ஆயுசில் முதல்முறை விலைக்கு மீன்வகை வாங்கியதாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

காயில் இடையில் போய், 2023இல் திரும்பி வந்தார். ஒருமுறை ஆறாவது இடம் பிடித்துப் பிளே-ஆஃப் வரை போனதும் கடையில் பழைய பீதி தலைகாட்டியது. நல்லவேளையாக 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது இடத்துக்கு வந்து எல்லாரையும் ஆசுவாசப்படுத்தினார்கள். வாத்தியார் பேனாவை எடுத்துவிட்டார். பால்காரர் பிழைத்தார்.

இருந்தாலும் அணி என்றால் ஒருநாள் நிமிரத்தான் செய்யும். ஆகவே இந்தியாவில் கால்பந்துப் போட்டிகளுக்கு அட்டவணை போடுகிற பெரியவர்களுக்கு ராமேஸ்வரம் தீவு சார்பில் ஒரு விண்ணப்பம். இனிமேல் இறுதிப்போட்டியைத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் வைக்காதீர்கள். ஞாயிறு எங்களுக்கு வசதி. அண்ணன் அன்றைக்கு எப்படியும் அசதியில் தூங்கிக்கொண்டிருப்பார்.