ஒட்டுக்குக் கீழே

1970-களின் திண்டுக்கல்லில் வீட்டு ரோஜா என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது இரண்டே வகை: வெளிர் சிவப்பில் பன்னீர் ரோஜா, அடர் சிவப்பில் ஆந்திரா ரோஜா. வாசனைக்கு அது, நிறத்துக்கு இது என்று பிரித்துக்கொண்டதோடு எங்கள் ரோஜா ஞானம் முடிந்துவிடும். இன்று சென்னையில் என் மகள் நர்சரிப் பட்டியலைக் கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறாள். ஊதா, ஆரஞ்சு, வெள்ளையில் சிவப்புக் கோடு என்று அது நீண்டுகொண்டே இருக்க, "எது வேணும்னு சொல்லுங்கப்பா" என்கிறாள். எனக்கு வேண்டிய பன்னீர் ரோஜா பட்டியலின் அடியில், 'நாட்டு ரோஜா' என்ற பெயரில், ஒற்றைப் படமாக இருக்கிறது.

அந்தப் பன்னீர் ரோஜாவின் ஆயுள் அரை நாள்தான். அக்கா காலையில் பறித்து, சடையில் ஹேர்பின் குத்திச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள்; சாயங்காலம் திரும்பும்போது பின்னில் மிஞ்சியிருப்பது காம்பும் நடுவிலிருக்கும் மஞ்சள் மகரந்தமும்தான், இதழெல்லாம் வழியிலும் வகுப்பிலும் உதிர்ந்திருக்கும். ஆனால் இரவு அவள் பக்கத்தில் படுத்தால் தலையணை வரைக்கும் வாசம் இருக்கும். உதிர்ந்த இதழையும் அம்மா விடமாட்டாள். கற்கண்டைப் பொடித்து இதழோடு அடுக்கடுக்காகப் பாட்டிலில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் வைத்துக் குல்கந்து ஆக்குவாள். அது பதத்துக்கு வருமுன்பே பாட்டில் பாதியாகியிருக்கும். யார் தின்றது என்று யாரும் கேட்டதில்லை, எல்லார் வாயும் மணத்ததால்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும், ரோஜாச் செடியைக் காசு கொடுத்து வாங்கிய நினைவு உங்களுக்கும் இருக்காது. "மதினி, உங்க ஆந்திரா ரோஜாவுல ஒரு கொம்பு குடுங்களேன்" என்று பக்கத்து வீட்டு அத்தை மதில் மேலே கேட்பாள், "அதுக்கென்ன, வெட்டிக்கோங்க. இன்னைக்குச் செவ்வாய், நாளைக்கு வாங்க" என்பாள் அம்மா. பென்சில் தடிமனில், மிகவும் இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் ஒரு கொம்பு. கீழிலையை உருவிவிட்டு, அடியைச் சாய்வாகச் சீவி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, மேல் நுனியில் கோலிக்குண்டு அளவு சாணி உருண்டை வைப்பார்கள். வெட்டிய வாய் காயாமல் அந்த உருண்டை காத்துக்கொள்ளும். காலையில் பல் துலக்குமுன் நான் ஓடிப்போய்ப் பார்ப்பது அதற்குக் கீழிருக்கும் கணுவைத்தான். பச்சையாக இல்லாமல், செம்பு நிறத்தில் அரிசி முனை அளவு ஏதாவது புடைத்திருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அதுதான் பேச்சு.

இப்போது நினைத்தால் ஒன்று புரிகிறது. தெருவில் யாருக்கும் கவாத்து என்ற வேலை தெரியாது; கத்திரியோடு செடி முன்னால் நின்று திட்டம் போட்டு வெட்டியவர்கள் யாரும் இல்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் ஆளுக்கொரு கொம்பு கேட்பார்கள், கேட்டவருக்கெல்லாம் கொடுத்ததில் செடி தானாகக் கவாத்து ஆகிவிடும், தை பிறந்ததும் குலுங்கக் குலுங்கப் பூக்கும். கொடுக்கிற கையால் செடி தழைத்தது. இன்று அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் நானே வெட்டுகிறேன். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக, மருந்து தொட்ட கத்திரியால், காய்ந்த கொம்பையும் உள்நோக்கி வளர்ந்ததையும் பார்த்துப் பார்த்து நீக்குகிறேன். செடி அழகாக நிற்கிறது. வெட்டிய கொம்புகளைக் கேட்கத்தான் எங்கள் அடுக்குமாடியில் ஆள் இல்லை.

தண்ணீருக்குத் தவித்த ஊர் எங்களுடையது. அரிசி களைந்த தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், அம்மா கை கழுவிய தண்ணீர் எல்லாம் ரோஜாவுக்குத்தான். அதையும் சாயங்காலம் செடியின் தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டுவோம், பகலெல்லாம் வெயிலில் நின்றதாயிற்றே என்று. சில நாளில் இலையில் ஓரம் கலைந்த கரும்புள்ளி விழும், மஞ்சளாகிக் கொட்டும். "கண்ணு பட்டுருச்சு" என்று அம்மா முட்டை ஓட்டைக் கொம்பு நுனியில் கவிழ்த்து வைப்பாள். அது பூஞ்சை என்றும், இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பரவுமென்றும், காலையில் தூரில் மட்டும் தண்ணீர் விட்டாலே பாதி அடங்கும் என்றும் இன்று என் மகளுக்குத் தெரியும். அசுவினி வந்தால் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளிக்கிறாள். முட்டை ஓடும் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது, மிக்ஸியில் பொடியாகி உரமாக. அம்மா இதையெல்லாம் அறிந்திருந்தால் எத்தனை செடி பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போது, இந்தக் காலத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

மனம் ஆறாத ஓர் இடம் உண்டு, அது வாசனை. ஓசூரின் பசுமைக்குடில்களிலிருந்து பிப்ரவரி 14-க்காக விமானம் ஏறும் தாஜ்மகால் ரோஜாவை எடுத்து முகர்ந்து பாருங்கள். முழ நீளத் தண்டு, வெல்வெட் இதழ், ஜாடியில் ஒரு வாரம் தலை சாயாத உறுதி. மூக்குக்கு மட்டும் ஒன்றுமில்லை. நெடுந்தூரம் பயணம் போகவும் நாள்பட நிற்கவும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் மணம் கைநழுவிப் போனது. 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணம் நிறைந்த பாப்பா மெய்லாண்ட் ரோஜாவையும் மணம் குறைந்த ரூஜ் மெய்லாண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, ரோஜாவின் வாசத்துக்குக் காரணமான ஜெரானியாலை உண்டாக்கும் வழியில் ஒரு நொதி முன்னதில் மும்முரமாக வேலை செய்வதையும் பின்னதில் அடங்கிக் கிடப்பதையும் கண்டார்கள். போன இடம் தெரிந்துவிட்டது, இனி மீட்கலாம் என்ற நம்பிக்கை அதைப் படித்தபோது எனக்கு வந்தது. கொடைக்கானலில் எம்.எஸ்.வீரராகவன் நம் வெப்பத்தைத் தாங்கும் ரோஜாக்களுக்காக ரோசா கிளினோபில்லா, ரோசா ஜைஜான்டியா என்ற காட்டினங்களை வைத்து கலப்பினச் சேர்க்கை செய்து, மஞ்சள் ரோஜா ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டியதையும் இந்த நம்பிக்கையோடு சேர்த்துக்கொள்கிறேன்.

பன்னீர் ரோஜாவுக்கும் ஒரு நெடுங்கதை உண்டு. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், நிலங்களின் ஓரம் வேலியாக வைத்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த வம்சம் அது. எட்வர்ட் ரோஜா என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். நம் வெயிலுக்கு ஈடுகொடுப்பதால், உயர்சாதி ரோஜாவின் மொட்டை ஒட்டுவதற்கு வேர்ச்செடியாகவும் அதை வைப்பார்கள். அதனால்தான் பல வீடுகளில் அந்தப் புகார்: "சிவப்புன்னுதான் வாங்குனேன், ரெண்டு வருசத்துல வெளிறிப் போய்ப் பூக்குது, நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்." யாரும் ஏமாற்றவில்லை. மேலே ஒட்டிய சிவப்பு வெயிலில் பட்டுப்போய், கீழே இருந்த வேர்ச்செடி தன் பூவைப் பூத்திருக்கிறது.

ஆகவே ரோஜா வளர்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. தண்டின் அடியில் புடைத்திருக்கும் ஒட்டைத் தெரிந்து வையுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பதை விட்டால் மேல்செடியின் சத்தை அது இழுத்துக்கொள்ளும், வெட்டத்தான் வேண்டும். வெட்டியதை எறிந்துவிடாமல் இன்னொரு தொட்டியில் ஊன்றி, நுனியில் சாணி வையுங்கள். வேர் எட்வர்டாக இருந்தால் வாசனைக்கு ஒரு செடி, நிறத்துக்கு ஒரு செடி என்று வாங்கிய விலைக்கே இரண்டும் உங்களுக்குக் கிடைக்கும். அது வளர்ந்ததும் யாராவது கொம்பு கேட்டால், செவ்வாய்க்கிழமையானாலும் கொடுத்துவிடுங்கள்.