மூன்று காலா, ஒற்றைக்காலா?

கேள்வி: மூன்று கிலோ எடையில் 600 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட்டேன். தாங்க எது நல்லது, டிரைபாடா, மோனோபாடா? (தேக்கா வாசகர்)

பதில்: அதை எதிரில் இருக்கும் உயிர்தான் தீர்மானிக்க வேண்டும். சுங்கை பூலோவில் வலசை வந்த உள்ளான்கள் சேற்றில் நெடுநேரம் மேயும். அதுவரை கை தாங்காது, ஜிம்பல் தலை பொருத்திய டிரைபாட் தாங்கும். பீஷான் பூங்கா நீர்நாயோ, நீங்கள் மூன்று காலையும் விரிப்பதற்குள் மீனைத் தின்று ஏப்பமே விட்டிருக்கும், அங்கே மோனோபாட்தான். “லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே?” என்பீர்கள். அது கைநடுக்கத்தைக் குறைக்கும், தோள்வலியைக் குறைக்காது. “டிரைபாட் அசையாதே?” என்றால், பலகை நடைபாதையில் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே அதுவும் ஆடும், வழியையும் மறிக்கும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் மோனோபாடே வாங்குங்கள். மீதி இரண்டு கால்கள் உங்களிடமே இருக்கின்றன!