கிதாருக்கு எத்தனை விசில்?

“வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்லையேடா இதுக்கு?”

கிதாரின் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அம்மா வழங்கிய முதல் தீர்ப்பு இது. அடுத்தது, “காலி டப்பாவுக்கா இருநூறு டாலர்?”

சிகாகோ புறநகரில் ஒரு கராஜ் சேல். நான் போனது டோஸ்டர் வாங்க. அதை ப்ளக்கில் செருகி, கம்பி சிவக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். பக்கத்திலேயே சாய்ந்திருந்த ஹார்மனி ராக்கெட் எலெக்ட்ரிக் கிதாரை மட்டும் செருகிப் பார்க்கத் தோன்றவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது மல்டிமீட்டரை எடுப்பார்களா?

பல் டாக்டர்கள் வைத்திருப்பார்களே, குச்சியில் சின்னக் கண்ணாடி, அதை உள்ளே விட்டுப் பார்த்ததில் ‘62’ என்று முத்திரை தெரிந்தது.

“அறுபத்திரண்டுல எனக்குப் பத்து வயசு. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இதுக்கு என்ன கேடு?”

கேடு நிறைய. ஹார்மனி 1892ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. 1916ல் அதை வாங்கிய சியர்ஸ், உள்பாடியிலிருந்து உழவுக் கருவிவரை தபால் கேட்லாகில் விற்றவர்கள். கிதாரையும் அப்படியே விற்றார்கள். 1975ல் ஹார்மனி ஃபேக்டரி மூடப்பட்டது. ஆகவே, என் ராக்கெட்டுக்கு ஒரிஜினல் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு ராக்கெட் செத்தாக வேண்டும்.

வயிறு ஏன் காலி என்று அம்மாவுக்கு விளக்கினேன். பெரிய ஜாஸ் குழுக்களில் டிரம்பெட், சாக்ஸஃபோன் கூட்டத்துக்கு நடுவே கிதார்க்காரர் வாசிப்பது அவருக்கே கேட்காது. அதனால் கூடு வைத்த கிதாரின் மேலேயே பிக்கப் மாட்டினார்கள். கிப்ஸன் 1936ல் கொண்டுவந்த இ.எஸ்.-150 அப்படிப்பட்டது. 1939ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், அதை வைத்துக்கொண்டுதான் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிதாரைத் தனி ஆவர்த்தனத்துக்கு உட்கார வைத்தார். பிக்கப் என்பது ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலங்கும், கம்பியில் மின்சாரம் பிறக்கும்.

“கரண்டுதான் வேலையைப் பாக்குதுன்னா குடம் எதுக்கு?” என்றாள் அம்மா. கல்யாணத்துக்கு முன் தஞ்சாவூரில் எட்டு வருஷம் வீணை கற்றவள். ஓட்டையைத் தவற விடமாட்டாள்.

“குரல்ல ஒரு கனிவு வரும்மா” என்றேன். கூடவே வேறொன்றும் வரும் என்பதை அப்போது சொல்லவில்லை.

பழுது பார்க்கும் பெரியவர், ரசீதின் தலையில் ‘கஸ்டம் ரெஸ்டோரேஷன்’ என்று எழுதினார். அந்த ‘ஸ்’ஸை அன்றே ‘ஷ்’ என்று படித்திருந்தால் பிழைத்திருப்பேன். அறுபது வருடத் தந்தி இழுப்பில் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், வீணை பாஷையில் மெட்டில், தந்திக்கு அடியில் ஒரு இட்லி வைக்கலாம். ஒரு பிக்கப்பில் கம்பி அறுந்திருக்கிறது, புதிதாகச் சுற்ற வேண்டும். குமிழ்களைத் திருகினால் அப்பளம் நொறுங்கும் சத்தம். மொத்தம் தொள்ளாயிரம் டாலர். அதாவது, நாலரைக் கிதார்.

“எல்லாம் ஒரிஜினலாவே இருக்கணும்” என்றேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி.

“இதற்கு வந்திருக்கிற வியாதியே அதுதான்” என்றார் அவர்.

கழுத்தைக் கழற்றும் நாளன்று அம்மாவும் கூட வந்தாள். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் அந்தக் காலத்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம்மூர்த் தச்சர்கள் காய்ச்சுகிற அதே தோல் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும் என்பதுதான் அதன் பலவீனம். பிரித்துச் சரி செய்கிறவருக்கு அதுவே வரம். பெரியவர் ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் பொடித் துளை போட்டு, ஊசி ஒன்றைச் செருகினார். ஊசியின் மறுமுனையில் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில், அடுப்பின் மேல், பிரஷர் குக்கர்.

அமெரிக்கா வந்து மூன்று மாதமாக எதிலும் ஒட்டாமல் இருந்த அம்மா அன்றைக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எத்தனை விசில்னு கேளுடா.”

கேட்டேன். வெயிட் இருக்கும் இடத்தில்தான் குழாயை மாட்டியிருப்பதால் விசில் வராது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

“விசில் வராம வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

அதை நான் மொழிபெயர்ப்பதற்குள் மூட்டிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. பெரியவர் மெதுவாக அசைத்தார். பலாச்சுளை மாதிரி கழுத்து கையோடு வந்தது.

“வெந்துடுச்சு” என்றாள் அம்மா.

வயரிங்கை நானே செய்கிறேன் என்று சொல்லி நூற்றைம்பது டாலர் குறைத்தேன். அந்த நூற்றைம்பதுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின. கூடு இல்லாத எலெக்ட்ரிக் கிதார்களில் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு மூடி இருக்கும், கழற்றினால் எல்லாம் தெரியும். இதற்கு மூடி கிடையாது. நாலு குமிழ், ஒரு ஸ்விட்ச், ஒரு ஜாக், அத்தனையையும் வயரோடு அந்த ஓட்டை வழியே உள்ளே தள்ளி, அதனதன் துளையில் தலை நீட்டச் செய்ய வேண்டும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நூலை விட்டு ஓட்டை வழியே வெளியே எடுத்து, குமிழின் தண்டில் கட்டி, அங்கிருந்து இழுப்பதுதான் வழி.

“பாவாடைக்கு நாடா கோக்கிற வேலை” என்றாள் அம்மா, ஒரே பார்வையில். நாடா கோத்தவர்களுக்குத் தெரியும், முக்கால்வாசி தூரம் வந்ததும்தான் ஊக்கு கழன்றுகொள்ளும். மூன்று குமிழ் தலை காட்டின. நாலாவதை இழுத்தேன், நூல் மட்டும் வந்தது. கிதாரைக் கவிழ்த்துக் குலுக்கினேன். வெளியே விழுந்தது 1962க்குப் பின் யாரோ தொலைத்த, தந்தி மீட்டும் பிக் ஒன்று. மறுபடி குலுக்கியதில், ஏற்கெனவே தலை காட்டிய மூன்றும் உள்ளே போய்விட்டன.

அடுத்து குதிரை. தந்திகளைத் தாங்கி நிற்கிற கட்டை அது. ராக்கெட்டில் தந்தியின் அழுத்தம் மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. துடைக்கலாமே என்று ஆறு தந்தியையும் மொத்தமாகத் தளர்த்தினேன். குதிரை சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. திரும்பப் பிடித்து வந்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் சுரம் சேரும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். பின்னாலிருந்து அம்மா “இன்னும் சேரலை, இன்னும் சேரலை” என்றுகொண்டே இருந்தாள். ட்யூனர் கருவியும் அவள் கட்சி.

கடைசியில் ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். ஒரு சுரம். அடடா, வெண்ணெய். இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினேன். நான் எதையுமே தொடாமல் கிதார் தானாக ‘ஊஊஊ’ என்று கூவத் தொடங்கியது. குடம் எதற்கு என்றாளே, அந்தக் கேள்விக்கு மிச்ச பதில் இது. ஸ்பீக்கரின் சத்தம் காலிக் கூட்டை அதிர வைக்கும். அந்த அதிர்வை பிக்கப் எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகும்.

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: “விசில் வந்தாச்சு, இறக்குடா!”

இதே ஊளைக்குப் பயந்து ப்ளூஸ் கிதார்க்காரர் பி.பி. கிங் தன் கிதாரின் ஓட்டைகளில் துணியை அடைத்து வாசித்தவர். 1980ல் அவர் பெயரில் கிப்ஸன் வெளியிட்ட ‘லூசில்’ மாடலுக்கு ஓட்டையே வைக்கவில்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தன் பழைய சுங்குடிப் புடவையில் ஒரு முழம் கிழித்துச் சுருட்டி, ஓட்டைக்குள் திணித்துவிட்டாள். ஊளை நின்றது. கனிவு அப்படியே இருந்தது.

அம்மா ஊருக்குப் போய் நாலு மாதமாகிறது. கிதார் தெரிந்த நண்பர்கள் வந்தால் எது எது ஒரிஜினல் என்று விசாரிக்கிறார்கள். பட்டியல் போடுகிறேன். ஓட்டையில் எட்டிப் பார்க்கும் சிவப்புத் துணியை மட்டும் யாரும் கேட்பதில்லை, ஒருத்தியைத் தவிர. அவள் ஞாயிறுதோறும் போனில் கேட்கிறாள்:

“அந்தத் துணியை எடுத்துத் துவைச்சியாடா?”