பாரிஸ் பக்கம், அஞ்சுவான் தூரம்

மடகாஸ்கருக்கும் மொசாம்பிக்குக்கும் நடுக்கடலில் கிடக்கிறது பிரெஞ்சுத் தீவான மயோட்டே. பாரிஸிலிருந்து சுமார் 8,000 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து கிளம்பும் பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம். சட்டைப்பையில் அடையாள அட்டை போதும். உள்நாட்டுப் பயணமல்லவா!

பக்கத்துத் தீவு அஞ்சுவான், சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து அக்கா மகள் கல்யாணத்துக்கு வரவேண்டுமா? பாஸ்போர்ட், விசா, திரும்பிப்போக டிக்கெட், காப்பீடு, தங்க இடமிருப்பதற்குச் சான்று, கையில் காசிருப்பதற்கு அத்தாட்சி. அத்தனையும் கொடுத்தாலும் விசா தருவோம் என்று யாரும் சொல்லவில்லை. அந்நியர் ஆயிற்றே!

1974இல் மயோட்டே, அஞ்சுவான் உள்ளிட்ட கொமொரோவின் நான்கு தீவுகளும் பிரான்சிடமிருந்து விடுதலை வேண்டுமா என்று வாக்களித்தன. மொத்தத்தில் சுமார் 95 சதவீதம் பேர் விடுதலை கேட்டார்கள். பிரான்சோ தீவுவாரியாக எண்ணிப் பார்த்து, 'வேண்டாம்' என்ற ஒரே தீவான மயோட்டேயை மடியில் முடிந்துகொண்டது. மயோட்டேக்காரர்கள் விரும்பித்தான் இருந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஐ.நா. பொதுச் சபை இது தவறென்று தீர்மானம் மேல் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானங்களுக்கும் விசா கிடைக்கவில்லை போலும்.

அப்புறமும் இருபது ஆண்டு சனங்கள் போக்குவரத்தாகத்தான் இருந்தார்கள். 1995இல் பிரெஞ்சுப் பிரதமர் பலதூர் ஆட்சியில் விசா வந்தது. அன்றிலிருந்து சித்தப்பா மகன் சட்டவிரோதி. குவாசா-குவாசா என்னும் சின்ன மீன்பிடிப் படகில், இருட்டில், கர்ப்பிணிகளும் நோயாளிகளும் கடக்கிறார்கள். 2012 வரை இப்படிச் செத்தவர்கள் 7,000 முதல் 10,000 பேர் இருக்கலாம் என்று பிரெஞ்சு செனட்டின் அறிக்கையே மதிப்பிட்டது. நடுவில் விட்டுப்போன அந்த மூவாயிரத்தைக் கவனியுங்கள். காப்பீட்டுக்கும் டிக்கெட்டுக்கும் காகிதம் கேட்கும் அரசுக்குப் பிணத்துக்கு மட்டும் உத்தேசக் கணக்கு போதும்.

2017இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இந்தப் படகை வைத்து நகைச்சுவையும் பண்ணினார்: குவாசா படகு அவ்வளவாக மீன் பிடிப்பதில்லையாம், கொமொரோ ஆட்களைத்தான் கொண்டுவருகிறதாம். மூழ்கியவர்களின் உறவினர்கள் சிரித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை.

கரையேறி, ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்று, வசிப்பு அனுமதி வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அது மயோட்டேக்குள் மட்டும் செல்லும். அதைக் காட்டிப் பாரிஸுக்கு விமானம் ஏற முடியாது. பிடித்து நாடு கடத்தும்போது மயோட்டே சுத்தப் பிரான்சு. அனுமதிக் காகிதத்தை நீட்டும்போது பிரான்சு வேறெங்கோ இருக்கிறது.

2024 டிசம்பரில் சிடோ புயல் தீவைப் புரட்டிப்போட்டது. புகலிடத்துக்குப் போனால் போலீஸ் பிடிக்குமோ என்று பயந்து தகரக் குடிசையிலேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. அடுத்த மே மாதத்துக்குள் பாரிஸில் புதுச் சட்டம் தயார். மயோட்டேயில் பிறக்கும் பிள்ளை பின்னாளில் பிறப்புரிமையால் பிரெஞ்சுக் குடிமகனாக, தாய் தகப்பன் இருவருமே பிரசவத்துக்கு ஓராண்டு முன்பிருந்தே சட்டப்படி பிரான்சில் வசித்திருக்க வேண்டும். பத்து மாதம் மட்டுமே சுமக்கும் தாய்மார்கள், கருவுறுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.